மாதிரி வீட்டு அக்கா

வீட்டுத் தரகர்களில் பல ரகம் உண்டு. பள்ளிக்கூடம் பக்கம் என்று சொல்லி விற்பவர் உண்டு, குழாயில் தண்ணீர் நிற்கவே நிற்காது என்று சொல்லி விற்பவர் உண்டு. நம்முடைய தரகர் காற்றை விற்றார். வீடு அதோடு சேர்ந்து வந்தது.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி வைத்திருந்தார். காற்றில் எவ்வளவு தூசும் புகையும் இருக்கிறது என்று அது எண்ணில் காட்டும். வீடு கேட்டு வருகிறவர்களை முதலில் தன் சொந்த வீட்டு மொட்டைமாடிக்குத்தான் அழைத்துப் போவார். கீழே பஸ் ஸ்டாண்ட். எண் நூற்றைம்பது, இருநூறு என்று எகிறும், சிவப்பு விளக்கு எரியும். "இதைத்தாங்க நாம தினமும் உள்ள இழுத்துட்டிருக்கோம்" என்பார், துக்கம் விசாரிக்கிற குரலில். வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உடனே காரில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு மணி நேரப் பயணம். அங்கே தோப்புக் குடியிருப்பு: ஏழு மாடிக் கட்டடங்கள், நடுவில் வரிசையாக மரங்கள், மேலே துடைத்துவைத்த மாதிரி நீல வானம். கருவியை நீட்டுவார். எட்டு. பச்சை விளக்கு. அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கிற வேலை இருக்காது.

ஆளைக் கூட்டிப்போவதற்கு ஒரு நேரம் வைத்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான். மேகம் போட்டால் தள்ளிவைத்துவிடுவார். வெயில் ஏற ஏறத் தூசு மேலே போய்விடும், வானம் பளிச்சென்று இருக்கும், எண் இறங்கும் என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட தொழில் ரகசியம். "நல்ல வெயில் நாளாப் பாத்து வாங்க" என்று போனிலேயே சொல்லிவிடுவார். பிற்பாடு தெரிந்ததை வைத்துப் பார்த்தால், ஒரு மனிதன் மெனக்கெட்டு இதைவிட மோசமான நேரத்தைத் தேடிப் பிடித்திருக்க முடியாது.

வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. வருஷத்துக்கு வருஷம் வெயில் கூடிக்கொண்டே போனது, ஊருக்குள் இருக்க முடியவில்லை என்று ஜனங்கள் ஓடிவந்தார்கள். அதிலும் வீசிங் உள்ளவர்கள், இருமல் விடாதவர்கள், பையில் இன்ஹேலரோடு அலைகிறவர்கள் எல்லாரும் இவரைத் தேடித்தான் வந்தார்கள். காற்று விற்கிறவரிடம் வேறு யார் வருவார்கள்?

அப்படி வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு காட்சி வைத்திருந்தார். அது அவருடைய அக்கா.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். துணி தைத்தே வளர்த்தாள். அவளையும் அவள் புருஷனையும் பஸ் ஸ்டாண்ட் வீட்டிலிருந்து கிளப்பி, தோப்புக் குடியிருப்பில் மூன்றாவது மாடி மூலை வீட்டில் குடிவைத்தார் தரகர். அன்பில்தான் வைத்தார், அதில் பொய் கிடையாது. ஆனால் வைத்த பிறகு வீணாக்குவானேன் என்று வாங்க வருகிறவர்களை அந்த வீட்டுக்கும் கூட்டிப்போக ஆரம்பித்தார். அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டுக்காவது கால் மடித்துக்கொண்டிருப்பாள். "எங்க அக்காங்க. ஐம்பது வருஷ இழுப்பு. இப்ப எப்படி இருக்காங்கன்னு நீங்களே கேளுங்க" என்பார். அக்கா நிமிர்ந்து, "இங்க வந்ததுலேருந்து நல்லா மூச்சு விடறேன்" என்பாள். அது உண்மையாகவும் இருந்தது. குடிவந்தது குளிர்காலத்தில்.

அவள் புருஷனுக்குத்தான் அந்த இடம் ஒட்டவே இல்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "இது என்ன மாப்ள ஊரு? ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. செத்துட்டோமா இருக்கோமான்னே தெரியலை" என்பார். யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

வெயில் காலம் வந்தது. முன்பெல்லாம் சொல்லிக்கொண்டு வரும். இப்போதெல்லாம் குளிர் கிளம்புவதற்குள் உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிடுகிறது, போகச் சொன்னாலும் போவதில்லை. காற்று அசையாமல் நாள்கணக்கில் நின்றது. மதியம் இரண்டு மணிக்கு அக்காவுக்குத் தொண்டை கரகரக்கும். மூன்றுக்கு நெஞ்சை இறுக்கும். நாலு மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இருட்டினால் சரியாகிவிடும்.

தரகர் பதறிப்போனார். தலையணைப் பஞ்சு என்றார், மாற்றினார். பக்கத்து வீட்டுப் பூனை என்றார். பூனைக்காரர்களோடு சண்டை வந்ததுதான் மிச்சம். கருவியைக் கொண்டுவந்து அக்காவின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"பாருக்கா, ஏழுதான் காட்டுது. காத்து தங்கம் மாதிரி இருக்கு."

"அப்ப அதையே... எனக்குப் பதிலா... மூச்சு விடச் சொல்லுடா."

"மனசுல ஏதும் கவலை இருக்கா?"

"நீதான்டா கவலை" என்றாள் அக்கா. சொல்லி முடிக்க மூன்று மூச்சு பிடித்தது.

ஒருநாள் தையல் மெஷினின் மோட்டார் பழுதாகி, ரிப்பேருக்காக அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தவள், தம்பி வீட்டில் நாலு நாள் தங்கும்படி ஆனது. கீழே பஸ்கள் புகையைக் கக்கின. கருவி சிவப்பாகவே இருந்தது. நாலு நாளும் மத்தியானத்தில் அக்கா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். குறட்டை வேறு.

"அந்த மனுஷன் பக்கத்துல இல்ல, அதான் நல்லா இருக்கேன் போல" என்றாள். இது புருஷன் காதுக்குப் போய், அவர் இரண்டு நாள் பேசவில்லை.

நாலாம் நாள் தரகர் அவளை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப்போனார். காத்திருக்கும் அறைக்குள் கால் வைத்ததும், "அட, வாங்க வாங்க" என்று ஒரு குரல். ஏ பிளாக்கில் வீடு வாங்கிய பாங்க் மேனேஜர். அவருக்கு அடுத்த நாற்காலியில் சி பிளாக் டீச்சரம்மா. ஜன்னலோரம் புதுசாகக் கல்யாணமான ஜோடி, டி பிளாக். தெரிந்த முகங்களைப் பார்த்ததில் தரகருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் கையசைத்தார். பிறகு இது எந்த இடம் என்று உறைத்தது. சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தை, அக்காவைக் கூப்பிடுகிற வரைக்கும், விற்பனைக்கு வந்த மனை மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா களைத்துப்போயிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "தோப்புக் குடியிருப்பா?" என்றார். "மத்தியானத்துலதானே? வெயில் நாள்லதானே? ஓசோன்."

"ஓசோன் நல்லதுதானே டாக்டர்? அதுல ஓட்டைன்னு பள்ளிக்கூடத்துல அழாத குறையாச் சொன்னாங்களே?"

"மேல வானத்துல இருந்தா அது குடை. கீழ நம்ம மூக்குகிட்ட வந்தா விஷம். இதை யாரும் புகைபோக்கியிலேருந்து விடறதில்லை, வெயில்தான் சமைக்குது. ஊர்ல வண்டி விடற புகை அப்படியே காத்தோட போகும். போற வழியெல்லாம் வெயில்ல வேகும். வெந்து முடியறப்ப எங்க இருக்கும் சொல்லுங்க? உங்க தோப்புல. போதாததுக்கு மரங்களும் சூட்டுல ஒரு ஆவி விடும், அதுவும் கூடச் சேர்ந்து வேகும்."

"மரத்தையும் விட்டு வைக்கலையா?" என்றார் தரகர் பரிதாபமாக.

"மரம் என்ன பண்ணும்? புகை இல்லாட்டி அது பாட்டுக்கு இருக்கும்."

"என் மெஷின்ல எட்டுதானே டாக்டர் காட்டுது?"

"அது தூசு பாக்கற மெஷின். இதுக்கு நிறமும் கிடையாது, தூசும் கிடையாது. பஸ் ஸ்டாண்ட்ல இவங்க நல்லா இருந்ததுக்குக் காரணம், அப்பவே வந்த புதுப் புகை ஓசோனைத் தின்னுடும். அதுக்காக அங்கயே இருங்கன்னு சொல்லமாட்டேன். அந்தப் புகை வேற வழியில ஆளைத் தின்னும், கொஞ்சம் நிதானமா." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வேலைக்கு வந்தப்ப இப்படிக் கேஸ் வெயில்காலத்துல ரெண்டு வாரம் வரும். இப்ப மாசக்கணக்கா வருது. வண்டியெல்லாம் முன்னைவிடப் புகை கம்மியாத்தான் விடுது. அடுப்புதான் சூடாகிட்டே போகுது, என்ன பண்றது?"

"எங்கதான் போறது?" என்று கேட்டாள் அக்கா.

"ஊருக்குள்ள காத்து நுழையற பக்கமாப் போங்க. வெளிய போற பக்கம் வேண்டாம். அதுவரைக்கும் மத்தியானத்துல ஜன்னலைச் சாத்திட்டு உள்ளயே இருங்க." மருந்துச் சீட்டை நீட்டியவர், தரகரைப் பார்த்து, "ஆனா ஒண்ணு பாத்தீங்களா? உங்க குடியிருப்புல யாரோ வீசிங் உள்ளவங்களாப் பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டுவந்து குடிவச்ச மாதிரி இருக்கு" என்றார்.

தரகர் மின்விசிறியைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் சொன்னாள். "எனக்கு அங்க வேணாம்டா. வேற இடம் பாரு."

பார்த்தார். நாலே நாளில், காற்று நுழைகிற பக்கத்தில், கீழ்த்தளத்தில் ஒரு சின்ன வாடகை வீடு அமைந்தது. ஆனால் தோப்புக் குடியிருப்பில் இன்னும் மூன்று வீடு விற்காமல் கிடந்தது. எல்லாம் விற்று முடித்தால்தான் கட்டடக் கம்பெனி அடுத்த குடியிருப்பின் விற்பனையை இவர் கையில் கொடுக்கும். அக்கா கிளம்பினால் வீடு காலி, வீடு காலியானால் "உங்க அக்கா எங்கே?" என்று நாலு பேர் கேட்பார்கள். "இந்த மாசம் மட்டும் பொறுத்துக்கோக்கா" என்றார். மாசம் போனது. "இன்னும் ஒரே ஒரு வீடுதான். உன் பக்கத்து வீடு. அது போகட்டும், மறுநாளே வண்டி வரச் சொல்றேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் சொன்னார்.

அக்கா ஒத்துக்கொண்டாள். வளர்த்த பிள்ளை கேட்டால் என்ன செய்வது? அவள் புருஷன், மாமாதான் கத்தினார். "நாலு பேருக்கு மூச்சு முட்டினா உனக்குச் சோறு இறங்குதா மாப்ள?" தரகர் வழக்கம்போல அவரைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார்.

கடைசி வீட்டுக்கு ஆள் வந்தார். அச்சகத்தில் வேலை செய்கிறவர், வாய் அதிகம் பேசாதவர். கூடவே ஆறு வயது மகள். "பாப்பாவுக்கு வீசிங்குங்க. ஊருக்குள்ள வச்சுக்க முடியலை" என்றார். பாப்பா கழுத்தில் தண்ணீர் பாட்டில் மாதிரி ஒரு சின்னப் பை, அதில் இன்ஹேலர். மொட்டைமாடி ஆயிற்று, கார்ப் பயணம் ஆயிற்று, மரம், வானம், எட்டு, பச்சை விளக்கு எல்லாம் ஆயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றரை மணி. பாப்பா மரங்களுக்கு நடுவே நாலு சுற்று ஓடிவிட்டு வந்து லேசாக இருமியது.

"வழியில தூசு பட்டிருக்கும்" என்றார் தரகர், தன்னையறியாமல்.

பிறகு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது, இன்றைக்கு மோசம் என்று. அக்கா மெஷினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதைத் தொட ஏறி இறங்கின. சத்தம் வெளியே கேட்காமல் இருக்க மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசிக்குக் கீழே துணியே இல்லை.

"எங்க அக்காங்க. ஐம்பது வருஷ இழுப்பு..." என்று ஆரம்பித்தார் தரகர். வாய் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா நிமிர்ந்தாள். சிரித்தாள். "இங்க வந்ததுலேருந்து..." என்றாள். நிறுத்தினாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடி, "இங்க வந்ததுலேருந்து நல்லா..." அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. தம்பிக்காக அந்தக் கடைசி வார்த்தையை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் கண் பிதுங்க முயற்சி செய்ததை, தரகர் ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா அப்பாவின் கையை விட்டுவிட்டு நேராக மெஷினிடம் போனது. தலையைச் சாய்த்து அக்காவின் நெஞ்சுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டது. பைக்குள் கையை விட்டுத் தன் இன்ஹேலரை எடுத்து, ஒருமுறை குலுக்கி, மூடியைக் கழற்றி நீட்டியது.

"இந்தாங்க ஆன்ட்டி. பேசாதீங்க. பேசினா இன்னும் இழுக்கும்."

தரகர் கருவியைத் தாழ்த்தினார். "வேணாங்க. இந்த வீடு வேணாங்க" என்றார்.

"என்னது?" என்றார் அச்சகக்காரர்.

"இங்க காத்து சரியில்லைங்க. வெயில் ஏறினா ஓசோன்னு ஒண்ணு வருது. கண்ணுக்குத் தெரியாது. என் மெஷின்ல காட்டாது. எங்க அக்காவுக்கு அதனாலதான் இப்படி. பாப்பாவுக்கு ஆகவே ஆகாது. சத்தியமாச் சொல்றேன்."

அச்சகக்காரர் ஜன்னலுக்கு வெளியே நீல வானத்தைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். தரகரின் கையில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த கருவியைப் பார்த்தார். மெதுவாக அவர் முகம் மாறியது.

"வேற யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கலைங்க."

"கூடக் கொடுக்கறேன்னு எவனோ சொல்லியிருக்கான். அதான் என்னைக் கழட்டிவிடப் பாக்கறீங்க. இவ்வளவு நேரம் தங்கக் காத்து, இப்ப பேனா எடுக்கற நேரத்துல கெட்டுப்போச்சா? இத்தனை பேருக்கு வித்தீங்களே, அவங்கல்லாம் மூச்சு விடலையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி. தரகர் பாங்க் மேனேஜரையும் டீச்சரம்மாவையும் பற்றிச் சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. வந்ததெல்லாம், "நம்புங்க, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பதுதான். அதைத்தான் அவர் எல்லா வீட்டுக்கும் சொல்வார், அதே குரலில். அவரிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான்.

"உடம்பு முடியாத அக்காவை வச்சு நடிக்க வேற வைக்கிறீங்க. தூ!" என்றார் அதிகம் பேசாத மனிதர். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கி, கீழே கம்பெனி அலுவலகத்துக்கு நேராகப் போய், முன்பணம் கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். தரகர் பின்னாலேயே ஓடினார். வாங்குகிறவரை வாங்காதே என்று காலைப் பிடிக்கிற தரகரை அலுவலகப் பையன்கள் அன்றுதான் பார்த்தார்கள். வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொடுத்தார்கள். கம்பெனி மேனேஜர் எழுந்து வந்து கைகுலுக்கினார். எல்லா வீடும் விற்றாகிவிட்டது, அடுத்த குடியிருப்பும் உங்களுக்குத்தான், இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி, இன்னும் நிறைய மரம் என்றார்.

தரகர் திரும்பி மேலே வந்தபோது, மாமா ஜன்னல்களைச் சாத்தி, அக்காவுக்கு மருந்தை ஆவியாக்கும் நெபுலைசரைப் போட்டுவிட்டு, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "உண்மையைச் சொல்லியும் வித்துட்டியா மாப்ள?" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தரகர் அக்காவின் காலடியில் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வயது நாற்பத்தைந்து. அக்கா முகமூடியைக் கழற்றாமலே அவர் தலையில் கை வைத்தாள்.

இருட்டிய பிறகு மூச்சு திரும்பியது.

"போதும்க்கா" என்றார் தரகர். "காலையில முதல் வேலையா வண்டி வரும். ஒரு சாமானும் நீ தூக்க வேணாம். அந்த வாடகை வீட்டுல நாளைக்கே படுத்துக்கலாம்."

அக்கா பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பிறகு, "அவங்க எப்ப குடிவராங்க?" என்றாள்.

"அடுத்த மாசம் முதல் தேதி."

"அம்மாக்காரி வீட்டுல இருப்பாளா?"

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்கக்கா."

"அப்ப பள்ளிக்கூடம் விட்டு அது மூணு மணிக்கு வந்துடும். வந்ததும் மரத்தடிக்கு ஓடும்." அக்கா தண்ணீர் ஒரு வாய் குடித்தாள். "வண்டி வேணாம்."

"அக்கா!"

"நீ சொல்லி அந்த மனுஷன் நம்பலை. நான் சொன்னா நடிக்கிறேன்னுவாரு. அந்தப் பிள்ளை நம்பும்டா. அதுக்கு இழுக்கற சத்தம் தெரியுது. மத்தியானத்துல அதை உள்ள பிடிச்சு வைக்க இங்க வேற யாரு இருக்கா?"

"உனக்கு முடியாதுக்கா. உன்னால முடியாது."

"ஜன்னலைச் சாத்திட்டு ரெண்டு பேரும் உள்ள உக்காந்துக்கறோம். பட்டன் தைக்கச் சொல்லித் தரேன்."

தரகர் மாமாவைப் பார்த்தார். இத்தனை மாதமாகப் போகலாம் போகலாம் என்று கத்தியவர், நாளை மத்தியானத்துக்கென்று நெபுலைசரின் குழாயைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"அழாம எழுந்திரு" என்றாள் அக்கா. "ஜன்னல் இடுக்குல ஒட்டற டேப் இருக்குமே, அது வாங்கிட்டு வா. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் சேர்த்து வாங்கு."